ஜாபர் நாற்காலியில் வெள்ளிக்கிழமைகள்

செங்கொடி வேலைக்கு வந்த முதல் நாளே நான் அவளைத் திட்டினேன். அதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். எனக்கு முன்கோபம், என் மனைவி உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வால் நீட்டி நிற்கிற இடத்தில், எங்கள் கன்டெய்னர் யார்டு. அதன் வாசலில் நான் எடைமேடை பார்த்தேன். வண்டி மேடையில் ஏறும், எடைச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன், வண்டி நகரும். அன்று ஒரு வண்டி நகரவில்லை. எட்டிப் பார்த்தால், கையில் அட்டையோடு ஒரு பெண் கன்டெய்னருக்குப் பின்னால் நின்று கதவில் இருந்த ‘சீல்’ ஆணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

“இன்னாம்மா, தேர் வடமா அது? இழுத்துகினே கீற. பின்னால வண்டி நிக்கிறது தெரில?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீலில் இருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தாள். அதுவும் எப்படி? கடைசி இலக்கத்திலிருந்து ஆரம்பித்து முதல் இலக்கம் வரைக்கும், தலைகீழாக. அப்புறம் காகிதத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் டிரைவருக்குக் கையை ஆட்டினாள்.

“முன்னாலேர்ந்து படிச்சா, காயிதத்துல இன்னா கீதோ அதையேதான் கண்ணும் படிக்கும்ணே. பின்னாலேர்ந்து படிச்சா அதால டபாய்க்க முடியாது” என்றாள்.

கன்டெய்னர் கதவின் தாழ்ப்பாளில் மாட்டுகிற இரும்பு ஆணிதான் சீல். ஒவ்வொன்றுக்கும் தனி எண். எண் மாறியிருந்தால் வழியில் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். அதைச் சரிபார்க்கிறவருக்கு டேலி கிளார்க் என்று பெயர். அவளுக்கு முன்னால் இருந்த கிளார்க்குகள் எல்லாரும் பத்தடி தள்ளி நின்றே டிக் அடிப்பார்கள். இவள் ஒவ்வொன்றையும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். மாலையில் அவள் விரல்களில் துரு ஏறியிருக்கும்.

இது 1999-இல். எம்.கே.பி. நகர் குடியிருப்பில் அப்பா பீம்ராவும் அவளும் மட்டும். அம்மா முன்பே இறந்துவிட்டாள். அப்பா வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். அவர் வீட்டில் சமைப்பார், மகள் சம்பாதிப்பாள். படித்தது பி.ஏ. வரலாறு, தமிழ் வழியில். இருநூறு ஆண்கள் வேலை பார்க்கிற யார்டில் அவள் ஒருத்திதான் பெண். பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. அதனால் காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கே இது உறைத்தது. எனக்கும் இரண்டு பெண்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மேடைக்கு எதிரே கண்ணாடி ஜன்னல் வைத்த கேட் அறை. அங்கே கம்ப்யூட்டரில் கேட் பாஸ் அடிப்பவன் ஜாபர். தண்டையார்பேட்டைக்காரன், என்னைவிட இருபது வயது இளையவன், தொண்டை மட்டும் கப்பல் சங்கு. மனைவி தாஹிரா, மூன்று வயதில் மகள் ரிஃபானா. மகள் பெயரோடு எழுநூற்று எண்பத்தாறைச் சேர்த்ததுதான் அவனுடைய பாஸ்வேர்டு. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஊருக்கே தெரியும்! கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். ஜாபர் டீக்கடையில் நிற்பான். அங்கிருந்தே கத்துவான்: “டேய், ரிஃபானா எழுநூத்தி எம்பத்தாறு போட்றா!” வரிசையில் நிற்கிற டிரைவர்கள் எல்லாருக்கும் அது பாட்டு மாதிரி மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜாபர் தொழுகைக்குப் போவான். சைக்கிளை எடுத்தால் திரும்ப ஒன்றேகால் மணி நேரம். அதுவரை கேட் பாஸ் நின்றால் டிரெய்லர்கள் சாலையில் தேங்கி, போலீஸ்காரர் வந்து திட்டுவார். மேனேஜர் செல்வநாதனோ தொழுகைக்குப் போகாதே என்றும் சொல்ல மாட்டார், மாற்று ஆளும் போட மாட்டார். அதனால் செங்கொடி வந்த இரண்டாவது மாதமே ஜாபர் அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தான்.

“பயப்படாதம்மா. கடிக்காது. வண்டி நம்பரு, கன்டெய்னர் நம்பரு, சீல் நம்பரு. அவ்ளோதான். தப்பாப் போட்டா நான் வந்து பாத்துக்கறேன்.”

அதுவரை அவள் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அன்று அவன் திரும்பி வந்தபோது பதினேழு வண்டி போயிருந்தது, ஒரு தப்பு இல்லை. ஆனால் அவள் முகத்தில் ஏதோ யோசனை.

“ஜாபரண்ணே, இந்தக் காயிதத்துல எல்லாம் உம் பேருதானே வருது? நான்தான் ஒக்காந்துகினு கீறேன்னு இதுக்குத் தெரியாதா?”

“அதுக்கு இன்னா கண்ணா கீது? ரிஃபானா போட்டா அது நான்தான்னு நெனச்சுக்கும்.”

“அப்போ யாரு போட்டாலும் நீதானா?”

“அட, இன்னாம்மா பேஜாரு! டீ ஆறுது, குடி.”

நாங்கள் மூன்று பேரும் நாலு மணிக்கு இரண்டு டீ வாங்கி மூன்றாகப் பிரிப்போம். மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் ஜாபரின் கை முதலில் நீளும். பீம்ராவ் வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு அவன் அடிமை. “நைனாவாண்ட சொல்லு, நாளைக்கு ரெண்டு துண்டு சேத்துப் போடச் சொல்லி” என்பான். அவரை அவன் நேரில் பார்த்தது இரண்டே முறை. ஆனாலும் நைனாதான். அந்த ஐந்து வருடம் எங்கள் கேட்டில் சிரிப்புச் சத்தம் இருந்தது. எனக்கே என் முன்கோபம் மறந்திருந்தது.

2004-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு ஃபாரம் வந்தது. எங்கள் யார்டு வழியாகத் துணி வாங்குகிற கம்பெனிகள் அனுப்பியது. சரக்கை எப்படிப் பாதுகாக்கிறீர்கள், வேலிக்கு எத்தனை அடி உயரம், கம்ப்யூட்டரை யார் யார் தொடுகிறார்கள் என்று நாற்பத்திரண்டு கேள்விகள். பதில் சொன்னால்தான் இனி சரக்கு. செல்வநாதன் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனைக் கூப்பிட்டார். அவன், “நான் வயர் மாட்றவன் சார், இதெல்லாம் எனக்குத் தெரியாது” என்று கழன்றுகொண்டான். ஃபாரம் மேஜையில் தூசி பிடித்துக் கிடந்தது. ஒருநாள் செங்கொடி போய், “நான் பாக்கட்டுமா சார்?” என்று கேட்டாள்.

ஒரு வாரம் கழித்து நாற்பத்திரண்டு பதிலோடு வந்தாள். அதில் பதினொன்று ‘இல்லை’. செல்வநாதன் குதித்தார். எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போடு என்றார்.

“சீல் இல்லாத கன்டெய்னருக்கு சீல் நம்பர் எழுதச் சொல்றீங்களா சார்?” என்றாள் இவள்.

அவர் என்ன நினைத்தாரோ, “அப்போ இந்தப் பதினொண்ணையும் நீயே ‘ஆமாம்’ ஆக்கு” என்று சொல்லி அவளைக் கேட்டிலிருந்து தூக்கிப் புது வேலையில் போட்டார். கம்ப்யூட்டர் பாதுகாப்பு. ஆறு மாதம் சோதனைக்காலம். சரிப்படாவிட்டால் வீட்டுக்கு, அவளுடைய டேலி வேலைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது.

அவள் படித்த படிப்பை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். வண்ணாரப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய்க் கேட்டாள். “பி.ஏ. வரலாறா? டைப்ரைட்டிங் கத்துக்கம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்திலேயே ஒரு பிரவுசிங் சென்டர். துணிக்கடைகளுக்கு நடுவில், மாடிப்படிக்குக் கீழே, ஆறு கம்ப்யூட்டர். வேலை முடிந்து தினமும் அங்கே ஒரு மணி நேரம். ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, மறுநாள் பஸ்ஸில் அகராதியோடு படிப்பாள். ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் யார்டிலேயே ஒரு பொருளைக் கண்டுபிடித்தாள். ஃபயர்வால் என்றால் நம் கேட். கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கிற ‘லாக்’ என்றால் வாட்ச்மேனின் வருகைப் பதிவேடு. “ஒண்ணும் புச்சு இல்லண்ணே. உள்ள வர்றது யாரு, வெளிய போறது யாரு, இன்னா எடுத்துகினு போறான். நாம பாத்த அதே வேலதான்” என்றாள் என்னிடம்.

அதே வேலைதான். ஆனால் அதை இப்போது எங்கள் மேல் பார்க்க ஆரம்பித்தாள், அங்கேதான் வினை. எல்லாருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. யாரிடமும் சொல்லக்கூடாது. மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டுகளையெல்லாம் கிழித்தாள். ஸ்டோர்ஸ் கிளார்க் மூன்று நாள் தன் பாஸ்வேர்டை மறந்து உட்கார்ந்திருந்தான். “சிஐடி வந்துட்டா, வாய மூடு” என்று டீக்கடையில் பேச ஆரம்பித்தார்கள். அவள் வந்தால் பேச்சு நிற்கும். அவள் போனால் சிரிப்பு கிளம்பும். கம்ப்யூட்டர் பெட்டிகள் வைத்திருந்த ஏசி அறையில் அவளுக்கு ஒரு மேஜை போட்டார்கள். யார்டிலேயே குளிர்ச்சியான இடம் அது. அங்கே கருவாடு கொண்டுபோனால் வாடை அடிக்கும் என்று வெறும் எலுமிச்சை சாதம் கொண்டுவந்து தனியாகச் சாப்பிட்டாள். நாலு மணி டீ இரண்டு பேருக்கு இரண்டு டீ ஆனது. கூப்பிட்டிருக்கலாம். எனக்கும் அவள் மேல் சின்னக் கடுப்பு. என் எடைமேடைக்கும் பாஸ்வேர்டு போட்டிருந்தாள்.

ஜாபர் விஷயத்தில் மட்டும் அவள் கொஞ்சம் இறங்கினாள். புதுப் பாஸ்வேர்டு வந்த முதல் வெள்ளிக்கிழமை அவன் தொழுகைக்குப் போனதும் வரிசை சாலையை அடைத்தது. செல்வநாதனே வந்து கத்தினார். மறுநாள் ஜாபர் ஓசைப்படாமல் பழைய ரிஃபானாவையே திரும்பப் போட்டுக்கொண்டான், வெள்ளிக்கிழமைகளில் அந்தந்த நேரத்துக்கு யார் சும்மா இருந்தார்களோ அவர்கள் உட்கார்ந்தார்கள். செங்கொடிக்கு அது தெரியும். ஐந்து வருடம் தன்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தவனிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? கேட்கவில்லை. ஃபாரத்தில் ‘ஒவ்வொருவரும் தன் பாஸ்வேர்டை மட்டுமே பயன்படுத்துகிறார்களா’ என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்று டிக் அடித்தாள். ஃபாரம் அமெரிக்கா போனது. அவள் சோதனைக்காலத்தில் தேறினாள். சீல் இல்லாத கன்டெய்னருக்கு அவளும் ஒரு நம்பர் எழுதிவிட்டாள், அவ்வளவுதான்.

2005 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்று இருபதுக்கு ஒரு கன்டெய்னர் கேட்டைத் தாண்டியது. உள்ளே ஏற்றுமதிச் சட்டைகள். பாஸ் சரி, எடை சரி. சீட்டை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். அது துறைமுகத்துக்குப் போய்ச் சேரவில்லை. திங்கட்கிழமை கம்ப்யூட்டரைப் பார்த்தால், பாஸ் அடித்தது ஜாபர் என்று இருக்கிறது. அந்த நேரத்தில் ஜாபர் பள்ளிவாசலில். ரிஃபானாவை மனப்பாடமாக வைத்திருந்த எவனோ வந்து உட்கார்ந்து அடித்துக்கொண்டு போயிருக்கிறான். எதிரே இருந்தும் வரிசை நெருக்கடியில் நான் அந்த ஜன்னலைப் பார்க்கவில்லை. யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

புதன்கிழமை செல்வநாதன் அறையில் விசாரணை. உள்ளே மூன்றே பேர். அவர், செங்கொடி, எடைச்சீட்டுக்குச் சாட்சியாக நான். ஜாபர் வெளியே பெஞ்சில். கதவு சாத்தியிருந்தது. ஜாபருக்கு வேலை போகுமா, இல்லை திருடன் என்று ஜெயிலுக்கே போவானா என்பதுதான் அன்றைய கேள்வி.

செங்கொடி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

“எழுதிக்கோங்க சார். தொண்ணூத்தொம்போதுலேர்ந்து அஞ்சு வருசம், வெள்ளிக்கெழமைல அந்த நாற்காலில ஒக்காந்து ஜாபரண்ணன் பேர்ல பாஸ் அடிச்சது நான்தான். உங்களுக்கும் தெரியும். கேட்ல எல்லாருக்கும் தெரியும். அவரு பழைய பாஸ்வேர்டையே போட்டுகினு கீறாருன்னு தெரிஞ்சேதான் ஃபாரத்துல ஆமான்னு டிக் அடிச்சேன். தப்பு என்னுது. என்னிய அனுப்பிச்சுடுங்க. அவர வுட்ருங்க.”

செல்வநாதன் பேனாவை மூடினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். பயந்தவன் செய்கிற கெடுதலுக்கு அளவே இல்லை.

“இதை எழுதினா என்ன ஆகும் தெரியுமா? ஃபாரத்துல இருக்கிறது பொய்னு ஆயிடும். சரக்கு போயிடும். சரக்கு போனா யார்டு ஏது? இருநூறு குடும்பம் செங்கொடி.”

“ஜாபரண்ணனுதும் குடும்பம்தானே சார்.”

“அதுக்குத்தான் வழி சொல்றேன். உன் கதையெல்லாம் வேண்டாம். ஜாபர் கவனக்குறைவா பாஸ்வேர்டை வெளிய விட்டார்னு மட்டும் நீ ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடு. அவர் வேலையோட போகட்டும், போலீசுக்கு நான் பேர் குடுக்க மாட்டேன். நீயும் வேலைய விடக்கூடாது. ரிப்போர்ட் எழுதின ஆளே ஓடிட்டா யார் நம்புவா? வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா அன்னிக்கே ஜாபர் பேர்ல புகார். கன்டெய்னர் திருட்டு. அந்தப் பேருக்கு ஜாமீன் எத்தனை மாசத்துல கிடைக்கும்னு நீயே யோசிச்சுக்கோ.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையில் இருந்த எடைச்சீட்டைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பி, “தவசிமுத்து, நீங்க எதுவும் கேக்கலை, சரியா?” என்றார்.

“சரிங்க சார்” என்றேன். அந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் அன்று பேசினேன்.

ரிப்போர்ட் அச்சாகி வந்ததும் அவள் கடைசி வரியிலிருந்து முதல் வரி வரைக்கும் மேல்நோக்கிப் படித்தாள். செல்வநாதன் சொன்னதேதான் இருந்தது, அதில் கண் டபாய்க்க ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டாள். வெளியே ஜாபர் கையில் காகிதம் போனது. அவன் அடியில் இருந்த பெயரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“ரொம்ப சோக்கா எழுதிக்கீறம்மா” என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தச் சங்குத் தொண்டை அதற்குப்பின் எங்கள் கேட்டில் கேட்கவில்லை.

அன்று மாலை டீக்கடையில் ஒரே பேச்சு. தொழில் கற்றுக்கொடுத்தவனையே காட்டிக் கொடுத்துவிட்டாள், பாம்புக்குப் பால் வார்த்த கதை, பெரிய ஆளாக வேண்டும் என்றால் இப்படித்தான் நாலு பேரை மிதிக்கவேண்டும். “இன்னா தவசிண்ணே, மெய்தானே?” என்று என்னைக் கேட்டார்கள். நான் டம்ளரை ஊதிக்கொண்டே தலையை ஆட்டினேன். மறுப்பதற்கா ஆமோதிப்பதற்கா என்று தெரியாத ஒரு ஆட்டு. அவர்கள் தங்களுக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கொடி தண்டையார்பேட்டையில் ஜாபர் வீட்டுக்குப் போனாள். உண்மையைச் சொல்ல முடியாது; சொன்னால் ஜாபர் சும்மா இருப்பானா, நேரே வந்து செல்வநாதன் சட்டையைப் பிடிப்பான், அடுத்த நிமிடம் புகார். மன்னிப்பாவது கேட்கலாம் என்று போயிருக்கிறாள். தாஹிரா கதவைப் பாதி திறந்து, “எம் புள்ள பேர வச்சே எங்க சோத்துல மண்ணப் போட்டியே, நல்லாரு” என்று சொல்லி மூடிவிட்டாள். இதைச் செங்கொடி என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். சொல்வதற்கு வேறு ஆள் கிடையாதே அவளுக்கு.

ஜாபர் ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தான். டோல்கேட்டிலிருந்து எண்ணூர், எண்ணூரிலிருந்து டோல்கேட். ஷேர் ஆட்டோ எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நாய் காலைத் தூக்கினாலும் நிற்கும். ஆறு பேர் உட்காரும் வண்டியில் ஒன்பது பேர், அதற்குமேல் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர். எம்.கே.பி. நகரிலிருந்து பஸ்ஸில் வந்து டோல்கேட்டில் இறங்கி நிற்பாள் செங்கொடி. ஜாபரின் வண்டி வரும், பாதி காலியாக. அவளைக் கண்டால் நிற்காது. அடுத்த வண்டிக்காரர்களும் அவன் தோஸ்துகள். அவர்களும் கொஞ்ச நாள் நிற்காமல் போனார்கள். வெயிலில் இருபது நிமிடம், முப்பது நிமிடம் நிற்பாள். நான் வழியில் தேரடி நிறுத்தத்தில் அதே வண்டியில் ஏறுவேன். “ஏறு மாமு” என்பான், என்னிடம் காசு வாங்க மாட்டான். அந்தக் காசில்லாத சவாரியை நான்கு வருடம் அனுபவித்தேன். தினமும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். எர்ணாவூர் பாலம் வரும், யார்டு வரும், இறங்கிவிடுவேன்.

யார்டில் இருந்த அடுத்த இரண்டு வருடமும் அவள் படிப்பை மட்டும் விடவில்லை. பேச ஆளில்லாதவளுக்கு வேறு என்ன இருக்கிறது? ஒரு பெரிய பரீட்சை எழுதித் தேறினாள். 2007-இல் தரமணியில் ஒரு பேங்கின் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. எஞ்சினியரிங் படித்த பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பி.ஏ. வரலாறு. ஃபாரமும் புதுப்பித்தாகிவிட்டது, யார்டுக்கு அவள் இனித் தேவையில்லை. செல்வநாதன் விட்டுவிட்டார், வாயைத் திறந்தால் பழைய புகார்தான் என்று ஞாபகப்படுத்திவிட்டுத்தான் விட்டார். யாரும் அவளுக்கு மாலை போடவில்லை, வழியனுப்பவில்லை. கடைசி நாள் கிளம்பும்போது என் எடைமேடை ஜன்னலுக்கு வந்தாள்.

“தவசிண்ணே, நான் சொன்னத நீங்க ஒருத்தராவது கேட்டுகினு இருந்தீங்க, அது போதும்னு நெனச்சேன். போதலண்ணே.”

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உடம்பப் பாத்துக்கம்மா” என்றேன். த்தூ!

அடுத்த வருடம் பீம்ராவ் இறந்துவிட்டார். எனக்கு போன் வந்தது. போனேன். குடியிருப்பு ஆட்கள் இருந்தார்கள், புத்தர் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தது. யார்டிலிருந்து நான் மட்டும். எல்லாம் முடிந்து அவளும் நானும் உட்கார்ந்திருந்தபோது, வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்க வேறு எதுவும் தோன்றவில்லை.

“பேங்க்குக்குள்ள ஒரு நாளைக்கு நாலாயிரம் பேரு பாஸ்வேர்டு போட்டு வராங்க, போறாங்க. அத்தினி பேரையும் நான் பாக்குறேன்ணே. எந்நேரம் வந்தான், எந்நேரம் போனான், லீவுல கீறான், மெய்யாலுமே அவன்தானா. ஒருத்தருக்கும் என்னத் தெரியாது.” அணையப்போன மெழுகுவத்தியை நிமிர்த்திவிட்டு, “வூட்ல அப்பா ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு” என்றாள்.

2009 ஜனவரியில் ஓய்வு பெற்றேன். வரவேண்டியது எல்லாம் வந்தது. செல்வநாதன் வேறு ஊருக்குப் போய்விட்டார். யார்டும் கை மாறியாகிவிட்டது. புகார் கொடுக்க ஆளும் இல்லை, நான் பயப்படக் காரணமும் இல்லை. அதற்கப்புறமும் ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன். கோழை என்று சொன்னால் கோபப்பட மாட்டேன்.

ஆகஸ்டில் ஒரு காலை. எர்ணாவூரில் பெரிய மகள் வீட்டுக்குத் தினமும் போவது என் வழக்கம். ஜாபரின் வண்டியில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வண்டி கடல் சுவர் ஓரம் போகும்போது ஆரம்பித்தேன். நின்றபடி அவள் சொன்னது, எழுதிக்கோங்க சார் என்றது, போலீஸ் பயமுறுத்தல், கையெழுத்து. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரியும்.

ஜாபர் வண்டியைப் பாலத்துக்குக் கீழே நிறுத்தினான். “யோவ், இன்னாய்யா, ஆபீசுக்கு லேட்டாவுது” என்று பின்னால் கத்தினார்கள். அவன் காதில் விழவில்லை.

“அவ நம்பர் கீதா?”

என் மொபைலில் இருந்தது. போட்டுக் கொடுத்தேன். அவன் காதில் வைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் அவள், “தவசிண்ணே? சொல்லுங்க. லைன்ல கீறீங்களா?” என்றாள். எனக்கே கேட்டது, என் போன் அவ்வளவு சத்தம்.

ஜாபர் தொண்டையைச் செருமினான். “ரிஃபானா எழுநூத்தி எம்பத்தாறு” என்றான்.

ஒரு லாரி போயிற்று. இன்னொன்று போயிற்று.

“இன்னும் அத்த மாத்தலியாண்ணே நீ?” என்றாள்.

“மாத்தறதுக்கு எங்கிட்ட எங்கம்மா கம்ப்யூட்டரு கீது?”

அவன் காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் அழுவது எனக்குக் கேட்டது. நான்கு வருடம் அழாத அழுகை. “அழாத. நாந்தான் பேமானி. நீ டோல்கேட்ல வெயில்ல நிப்ப, பாத்துகினே போவேன் பாரு. தாஹிராவ இட்டுகினு வரேன். ரிஃபானா எய்த் படிக்கிறா. நைனா இன்னா பண்றாரு? இன்னும் கருவாட்டுக் கொழம்பு வக்கிறாரா?”

அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். மெதுவாகச் சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. ஜாபர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“எப்போ?” என்று அவளைத்தான் கேட்டான், ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “தவசி மாமு வந்திருந்தாரா?”

போனை அணைத்து என் மடியில் வைத்தான். “நைனா பூட்டாராம். ஒரு வருசம் ஆச்சாம். நீ போய் ஒக்காந்துட்டு வந்துகீற. மறுநாளு எவ் வண்டிலதானே வந்த? ‘ஏறு மாமு’ன்னு சொன்னனே. எனக்கு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு? தனியா எரிச்சுட்டு வந்து தனியா ஒக்காந்துகினு கீறா மாமு அவ.”

அவன் வண்டியை எடுத்தான். எர்ணாவூரில் நான் இறங்கியபோது காசு நீட்டினேன். முதல் தடவையாக வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை தேரடியில் நின்றேன். ஜாபரின் வண்டி வந்தது. கையைக் காட்டினேன். பின்சீட்டில் இரண்டு இடம் காலி. அவன் என்னைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். வண்டி நிற்கவில்லை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, அடுத்த வண்டிக்காக அங்கேயே நின்றேன்.